குடையை மறந்த துப்பறிவாளர்

பதுளை பஸ்ஸில் முன்சீட்டுப் பையனின் போனில் அந்தப் பழைய துப்பறியும் தொடரின் தொடக்க இசை கேட்டது. சின்ன வயதில் டிவி முன்னால் போர்த்தியிருந்த ஈரக் கம்பளியின் வாசம் என் மூக்கில் ஏறியது.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், கார் பேட்டரியில் ஓடும் டிவி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு பாகம் முடிந்ததும் மறுநாள் காலை தண்ணீர்ப் பீலியில் அம்மா கதை சொல்வார். பெண்கள் குடம் நிரம்பி வழிவதையும் மறந்து கேட்பார்கள். ஆரம்பத்தில் துப்பறிவாளர் சப்பாத்துச் சேற்றைப் பார்த்தே கள்ளனைப் பிடித்தார். வருஷம் போகப் போக அவருக்கு இரட்டைச் சகோதரன் முளைத்தான். கடைசியில், முதலாளியைக் கொன்றவன் தோட்டக்காரன் என்று அவர் கனவில் அம்மன் வந்து காட்டினாள்.

மறுநாள் பீலியில் அம்மா அதைச் சொல்லவில்லை. "மழை பெய்யாத அன்னிக்கு முதலாளியோட மருமகன் குடை நனைஞ்சிருந்துச்சு. அவன்தான் கொன்னான்" என்றார்.

பக்கத்துக் காம்பரா செல்லம்மா சிரித்தார். "நானும் கடை டிவியில பார்த்தேன்க்கா. அம்மன் தோட்டக்காரனைத்தானே காட்டுச்சு?"

"குடையைக் காட்டினதை மறந்துட்டு, பழியத் தோட்டக்காரன் தலையில கட்டிட்டானுங்க. நானும் கட்டணுமா?"

"நீ சொல்லு புள்ள, யாரு கொன்னது?" என்று செல்லம்மா என்னைக் கேட்டார். ஆட்கள் முன்னால் வாயே திறக்காதவள் நான். அம்மாவின் முகம் சிவந்திருந்தது.

"அம்மா சொன்னதுதான்" என்றேன், பீலிச் சத்தத்தை மீறி.

"கடைசிப் பாகமெல்லாம் குப்பை மச்சான், தோட்டக்காரன்தான் கொலைகாரனாம்" என்று பஸ்ஸில் முன்சீட்டுப் பையன் கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் அவன் தோளைத் தட்டினேன்.

"இல்ல தம்பி. மருமகன்தான்."