கடைசி வாங்கில் இருந்த இருவர்

யேசுரட்ணம் ட்ராம் கொண்டக்டராகச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டில். அதற்கு முன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். முதுகு பிடித்து மூன்று மாதம் பாயில் கிடந்தவனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, ட்ராம் கம்பனிக் கந்தோருக்கு அனுப்பி வைத்தவர் நோபேட் ஐயா. அவர் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பனி ஒன்றில் பெரிய கிளாக்கர். கோயில் திருநாள் சபைக்குத் தலைவர். கொட்டாஞ்சேனையில் அவருடைய எழுத்துக்கு மதிப்பிருந்தது. யேசுரட்ணத்தின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் கையேந்திய ஞானத்தகப்பனும் அவர்தான்.

வேலை அவனுக்குப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்து ட்ராமுக்குப் பக்கச் சுவர் கிடையாது. குறுக்கே உட்காரும் வாங்குகள், இரு பக்கமும் திறப்பு, வெளியே நீளமாக ஒரு படிப்பலகை. கொண்டக்டர் அந்தப் பலகையில் நின்றபடி, கம்பிகளை மாறி மாறிப் பிடித்து, ஒவ்வொரு வாங்காகப் போய் ரிக்கற் கொடுக்க வேண்டும். மழை பெய்தால் நனைய வேண்டியதுதான். கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் வரை ஏறி இறங்குகிற முகங்களில் பாதியை அவனுக்குத் தெரியும்.

முப்பத்தேழாம் ஆண்டு, பெருமழை ஓய்ந்த மாதங்களில், பின்னேரம் மூன்றரைக்குப் போகும் வண்டியில் இரண்டு பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். பையன் ஒஸ்வால்ட், பதினேழு வயதிருக்கும். கோட்டையில் டைப்ரைற்றிங் படித்துவிட்டு ஏறுவான். பெண் இமெல்டா அவனைவிட ஒரு வயது குறைவு. தையல் வகுப்பு முடிந்து புறக்கோட்டையில் ஏறுவாள். இருவரும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள்தான். முதலில் வேறு வேறு வாங்கில் இருந்தார்கள். பிறகு ஒரே வாங்கின் இரண்டு முனையில். அதன் பிறகு கடைசி வாங்கில், இடையில் ஒரு தையல் பையுடன். பைக்குக் கீழே இருவருடைய கைகளும் இருந்தன. யேசுரட்ணம் ரிக்கற் கேட்டால் பையன் இடது கையால்தான் காசு நீட்டுவான்.

அவர்கள் பெரிதாகக் கதைப்பதும் இல்லை. ஒரு நாள் அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப் போனாள். அவன் அசையாமல், காற்றில் பறந்த அவள் முடி தன் வாயில் படுவதைக்கூடத் தட்டிவிடாமல் இருந்தான். முன் வாங்கில் இருந்த ஷரீப் நானா, புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருப்பவர், திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்ன கொண்டக்டர், புள்ளைகள இப்பிடி உட்டு வச்சிருக்கீங்க? பொம்புளைகள் போற வண்டி இது.”

யேசுரட்ணத்துக்கும் அது பிடிக்கவில்லை. தன் மனைவி மெற்றில்டாவோடு தெருவில் நடந்தால் அவள் இரண்டு அடி பின்னால்தான் வருவாள். பதினொரு வருடமாக அப்படித்தான். அவன் பலகையில் நகர்ந்து போய்ப் பையனிடம் சொன்னான்.

“தம்பி, நாலு பேர் போற வண்டி. கொஞ்சம் தள்ளி இருங்கோ.”

பையன் தலையாட்டிவிட்டுத் தள்ளி இருந்தான். யேசுரட்ணம் முன்பக்கம் போய்த் திரும்பியபோது பழையபடி நெருங்கி இருந்தார்கள். அவனுக்கு எரிச்சல் வந்தது. கம்பனிச் சட்டப் புத்தகத்தில் துப்புவதற்கும் புகைப்பதற்கும் குடித்து வெறித்துவிட்டு ஏறுவதற்கும் விதி இருந்தது. கை பிடிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று கதைக்கும்போது, வேறு கதை இல்லாமல், அதை நோபேட் ஐயாவிடம் சொன்னான். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் போக்கைப் பார்த்தீர்களா என்கிற மாதிரித்தான் சொன்னான். கோயில் பிள்ளைகளின் ஒழுக்கம் தன் பொறுப்பு என்று நினைக்கிற அவர் சிரிக்கவில்லை.

“எந்த வண்டி?”

“மூண்டரை வண்டி, ஐயா.”

செவ்வாய்க்கிழமை புறக்கோட்டையில் நோபேட் ஐயா ஏறினார். அவர் வழக்கமாக ரிக்‌ஷாவில் போகிறவர். யேசுரட்ணம் வணக்கம் சொன்னான். அவர் கடைசிக்கு முன் வாங்கில், குடையை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி உட்கார்ந்தார். சற்று நேரத்தில் பின்னால் திரும்பினார். அந்தப் பெண்ணின் கை பையனின் கன்னத்தில் இருந்தது. அவளுடைய விரல்களை அவன் முத்தமிட்டுக்கொண்டிருந்தான்.

அவர் எழுந்து பையனின் கொலரைப் பிடித்தார். குடைக்காம்பால் இரண்டு அடி விழுந்தது. பையன் திருப்பி அடிக்கவில்லை; முகத்தை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றான். அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். வண்டி ஒரு வளைவில் வேகமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பையன் பலகைக்கு வெளியே போய்க் கல்லுத் தெருவில் விழுந்தான். யேசுரட்ணம் மூன்று வாங்கு தள்ளி, அதே பலகையில், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகுதான் மணிக் கயிற்றை இழுத்தான்.

வண்டி முற்றாக நிற்குமுன் இமெல்டா குதித்தாள். தெரு நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்து பையனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவனுடைய வலது மணிக்கட்டு போகக்கூடாத பக்கம் போயிருந்தது. வண்டியிலும் தெருவிலும் ஐம்பது பேராவது நின்றிருப்பார்கள். அவள் அவனை மடியில் வைத்திருந்ததற்கு ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை.

பையனுக்குத் தகப்பன் இல்லை. தாய் பொலிசுக்குப் போனாள். நோபேட் ஐயா, பையன் வெட்கத்தில் தானாகக் குதித்தான் என்று வாக்குமூலம் கொடுத்தார். வண்டியில் இருந்தவர்கள் யாரும் எதையும் காணவில்லையாம். வழக்குத் தவணைக்கு நான்கு நாள் இருக்கையில் அவர் யேசுரட்ணத்தின் வீட்டுக்கு வந்தார். ஞானமகளைக் கூப்பிட்டுப் பிஸ்கற் கொடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“கோட்டிலை உன்னைக் கூப்பிடுவினம். என்ன சொல்லப்போறாய்?”

“நான் படியிலை நிண்டனான், ஐயா.”

“நிண்டால் என்ன? உன்ரை கண் ரிக்கற்றிலை இருந்திருக்கும். அதைச் சொன்னால் போதும்.” அவர் எழுந்தார். “ஒழுக்கம் கெட்டதுகளுக்காக நாங்கள் ரெண்டு பேரும் பகைக்க வேணுமோ?”

அவர் போன பிறகு மெற்றில்டா அடுப்படியை விட்டுக் குசினி வாசலில் வந்து நின்றாள்.

“காணேல்லை எண்டு சொல்லுங்கோ. பெல் அடிச்சுக்கொண்டு மற்றப் பக்கம் நிண்டனான் எண்டு சொல்லுங்கோ. இந்த வீடும் அவரின்ரை மச்சானின்ரை வீடு.”

“பெல் அடிச்சது அவன் விழுந்த பிறகு.”

“அது உங்களுக்குத்தானே தெரியும்.”

அவனுக்குத் தெரிந்தது இன்னொன்றும் இருந்தது; அதைத்தான் நான்கு நாளும் யோசித்தான். அடித்ததும் தள்ளியதும் நோபேட் ஐயா. ஆனால் எந்த வண்டி என்று சொன்ன வாய் தன்னுடையது. அதுவும் ஒரு காரியமும் இல்லாமல், கோயில் வாசலில், பொழுது போக்குக்குச் சொன்னது.

அளுத்கடை நீதிமன்றத்தில் அவன் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, நோபேட் ஐயாவின் வக்கீலான புறொக்டர் முதலில் மரியாதையாகத்தான் தொடங்கினார்.

“அந்தப் பிள்ளைகள் நடந்துகொண்டது உமக்குச் சரியாகப் பட்டதா?”

“இல்லை.”

“நீரே அவர்களைக் கண்டித்திருக்கிறீர்.”

“ஓம். ஒருக்கால்.”

“அப்படியென்றால் நீர் விரும்பியதைத்தானே என் கட்சிக்காரர் செய்தார்?”

“நான் தள்ளி இருக்கச் சொன்னனான், ஐயா. தள்ளி விடச் சொல்லேல்லை.”

பின்னால் யாரோ சிரித்து, அதட்டு வாங்கினார்கள். அவன் பகிடியாகச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லப் பட்ட பாட்டை நீதவான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தானே ஒரு கேள்வி கேட்டார்: ரிக்‌ஷாவில் போகிற மனிதர் அன்றைக்கு அந்த வண்டிக்கு எப்படி வந்தார்?

“நான் சொன்னபடியால் வந்தவர்,” என்றான் யேசுரட்ணம். “ஞாயிற்றுக்கிழமை நான்தான் சொன்னனான். என்ன நேரம் எண்டும் சொன்னனான்.”

வாங்கில் இருந்த ஒஸ்வால்ட் கட்டுப்போட்ட கையுடன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். அந்தப் பார்வையைத்தான் யேசுரட்ணத்தால் தாங்க முடியவில்லை.

நோபேட் ஐயாவுக்கு அபராதமும் ஒரு வருட நன்னடத்தைப் பிணையும் கிடைத்தன. அந்த வருடத் திருநாளையும் அவரே நடத்தினார். ஊர்வலத்தில் சுருவச் சிலைக்கு மேலே விதானம் பிடிக்க இந்த முறை யேசுரட்ணத்தை ஒருவரும் கூப்பிடவில்லை. மாத முடிவில் வீட்டை விடச் சொல்லி ஆள் வந்தது. அவன் இன்ஸ்பெக்டரிடம் தானாகவே போய், பொரளைப் பாதைக்கு மாற்றிவிடும்படி கேட்டான். குடும்பத்தைப் பாமன்கடையில் ஒரு சின்ன வீட்டுக்குக் கொண்டுபோனான். மெற்றில்டா முதல் இரண்டு கிழமை அவனோடு கதைக்கவில்லை. பிறகு வெள்ளவத்தைச் சந்தை மீன் நல்ல மீன் என்று சொன்னாள். அது சமாதானம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

இமெல்டாவின் தையல் வகுப்பை வீட்டார் வழக்கு முடியுமுன்பே நிறுத்தி, நீர்கொழும்பில் ஒரு சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடத்தில் அங்கேயே அவளுக்குக் கலியாணம் நடந்தது என்று கேள்வி. ஒஸ்வால்டின் மணிக்கட்டு கோணலாகப் பொருந்தியது. டைப் அடிக்க முடியாமல் போனது.

பொரளைப் பாதையிலும் அப்படியான பிள்ளைகள் ஏறினார்கள். வெள்ளவத்தைக்காரரான நாகேந்திரம் என்ற கிளாக்கர் ஒரு நாள் சத்தம் போட்டார்.

“இதைப் பாத்துக்கொண்டு சும்மா நிக்கிறீரோ, கொண்டக்டர்?”

“ரிக்கற் எடுத்திருக்கினம், ஐயா.”

யாராவது அப்படிக் கொதித்தால், அந்தப் பிள்ளைகள் இருக்கும் வாங்கின் ஓரத்தில் பலகையில் போய் நின்றுகொள்வான். வளைவு தாண்டும் வரை நகரமாட்டான்.

யுத்த காலத்தில், நாற்பத்து மூன்றில், மருதானைக்குக் கிட்ட ஒரு வாலிபன் ஏறினான். காக்கிச் சட்டை, காதில் பென்சில். காசு நீட்டிய கையை வைத்துத்தான் யேசுரட்ணத்துக்கு ஆளைத் தெரிந்தது.

“ஒஸ்வால்ட் தம்பியோ?”

“ஓம்.”

“கை எப்பிடி?”

“மழை வந்தால் உளையும். மற்றப்படி பரவாயில்லை. துறைமுகத்திலை கணக்கெடுக்கிற வேலை.”

யேசுரட்ணம் ரிக்கற்றைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “தம்பி, அண்டைக்கு அவருக்குச் சொன்னது நான்தான்.”

“தெரியும். கோட்டிலை சொன்னனீங்கள்தானே.” ஒஸ்வால்ட் ரிக்கற்றை வாங்கிக்கொண்டான். “அந்த வண்டியிலை அவ்வளவு பேர் இருந்தவை. நீங்கள் ஒராள்தான் கண்டதைச் சொன்னது. அம்மா இப்பவும் சொல்லுவா.”

அடுத்த தரிப்பில் அவன் இறங்கி, கூட்டத்தோடு போய்விட்டான்.

இரவு சோறு சாப்பிடும்போது யேசுரட்ணம் இதை மெற்றில்டாவிடம் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பெடியன் கலியாணம் முடிச்சிட்டானோ?” என்றாள்.

“கேக்கேல்லை.”

“அதைக் கேட்டிருக்கலாம்,” என்று சொல்லி, அவன் சோற்றுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டாள்.