ராய்ஸின் குட்டி சிலிண்டர்

எங்கள் கரையில் பல படகுக்காரர்களிடம் போய், "நான் தனியா முக்குளிக்கலாமா?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஜோடி இருந்தால் ஏறு, இல்லையென்றால் கரையில் நில். லொரெயின் விக்கரி மட்டும் அப்படி இல்லை. நரூமா துறைமுகத்தில் அவளுடைய படகில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். அவளுக்கு மூன்று நிபந்தனைகள். தனியாள் பயிற்சி முடித்த அட்டை வேண்டும். நூறு முறையாவது முக்குளித்திருக்க வேண்டும். முதுகில் உள்ள பெரிய சிலிண்டர் போக, தனி வாய்க்குழாயோடு ஒரு குட்டி சிலிண்டர் நிறைய காற்றோடு இருக்க வேண்டும். "கூட ஆள் இல்லாதவனுக்கு அதுதான்யா கூட்டாளி" என்பாள்.

அப்படித் தனியாக இறங்க அனுமதி பெற்ற நாலைந்து பேரில் ராய்ஸ் பெல்யூ ஒருவர். வயது அறுபத்தொன்று. பள்ளிப் பேருந்து ஓட்டுநர். என் மகளும் அவர் வண்டியில்தான் போகிறாள். கடைசிப் பிள்ளை பெல்ட் போடும்வரை வண்டியை நகர்த்தமாட்டார். வாரத்தில் ஐந்து நாளும் நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்பவர், ஞாயிற்றுக்கிழமை மாண்டேகு தீவை ஒட்டிக் கடலடியில் ஒரு பாறை இடுக்கின் முன் அரை மணி நேரம் அசையாமல் கிடந்து கணவாய் மீனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜோடியாக வருகிறவர்கள் அவரை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள் என்பதால்தான் தனியாள் அட்டை வாங்கினார்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு. அன்று வந்தவர்களில் இனெக்கா வோஸ் என்ற பெண் இருந்தாள். இருபத்து மூன்று வயது. பேகா ஊரில் பல் மருத்துவரிடம் வேலை. முக்குளிக்கப் பழகி முதல் அட்டை வாங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அவளை வேறொருவரோடு ஜோடி சேர்த்து அனுப்பினோம். கீழே கடல்நாய்கள் கூட்டமாக வந்து சுழன்று விளையாடியதில் அந்த ஆள் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டார்கள். தேடித் தேடி மூச்சு வாங்கியதில் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் அவளுக்குக் காற்று தீர்ந்தது. பாறையைச் சுற்றி வந்தபோது கண்ணில் பட்டவர் ராய்ஸ். காற்று இல்லை என்பதற்கான சைகையாக, கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டினாள்.

ராய்ஸ் நெஞ்சோடு கட்டியிருந்த குட்டி சிலிண்டரின் வாய்க்குழாயை எடுத்து நீட்டினார். பெரிய சிலிண்டரில் எல்லோரும் வைத்திருக்கும் உபரிக் குழாயை, குட்டி சிலிண்டர்தான் இருக்கிறதே என்று அவர் எப்போதோ கழற்றிவிட்டிருந்தார். அவள் வாங்கி இழுத்தாள். பாதி மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. அவள் அதைத் துப்பிவிட்டு அவர் வாயில் இருந்ததையே பிடுங்கினாள். அந்த ஒன்றையே ஆளுக்கு இரண்டு மூச்சாக மாற்றி மாற்றிக் கொடுத்து மேலே வந்து சேர்ந்தார்கள்.

படகில் ஏற்றிப் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்தோம். உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தாள். லொரெயின் தலையைத் தாங்கிக்கொண்டு, "என்னம்மா ஆச்சு?" என்றாள்.

"அவரு அந்தச் சின்னதக் குடுத்தாரு. எனக்குத்தான் பதற்றம், அதச் சரியா வாயில வெக்கத் தெரியல. அவரோடதையே புடுங்கிட்டேன். அவரையும் சேத்துக் கொன்னுருப்பேன்."

"பரவால்ல கண்ணு, மொதல்ல மூச்சு விடு. ராய்ஸ், பாத்தியா? அந்தச் சின்னதச் சும்மா தூக்கிட்டு வரச் சொல்றாளேன்னு என்னத் திட்டினியே, இதுக்குத்தான்யா!"

ராய்ஸ் குட்டி சிலிண்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டு ஈரத்துண்டால் மூடினார். ஆள் அதிர்ந்து போயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கரைக்குத் திரும்பும் வழியில் இனெக்கா தானே எழுந்து அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பேருந்தில் பிள்ளைகள் கைதட்டினார்களாம். கடைத்தெருவில் யாரோ கறி பப்ஸ் வாங்கிக் கொடுத்து, "கடலுக்கடியிலயும் பயணிய ஏத்திக்கிறியாமே!" என்று முதுகில் தட்டினார்களாம். புதன்கிழமை தலைமை ஆசிரியை கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை பள்ளிக் கூட்டத்தில் பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். ராய்ஸ் தலையாட்டிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை மதியம் எங்கள் கொட்டகைக்கு வந்தார். நான் சிலிண்டர்களுக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தேன். லொரெயின் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணுதான். எல்லாச் சாமானையும் விக்கப் போறாளாம். கடலுக்கு நான் லாயக்கில்லங்கிறா. நான்கூட வாய வெச்சுட்டுச் சும்மா இல்லாம, நீச்சல் குளத்துல மறுபடி பழகிட்டு வான்னு சொல்லித் தொலச்சேன்."

ராய்ஸ் வெளியே போனார். காரிலிருந்து குட்டி சிலிண்டரை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். அதன் வால்வைத் திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

"அவ மேல தப்பில்ல" என்றார். "இதுல காத்தே இல்ல."

லொரெயின் அதைக் கையில் எடுத்து மீட்டரைப் பார்த்தாள். "தெரியுமா உனக்கு?"

"தெரியும். வால்வு கசியுது. வருஷப் பரிசோதனை முத்திரையும் காலாவதி ஆயிடுச்சு, அது இல்லாம எவனும் காத்து ஏத்தமாட்டான். அடுத்த வாரம் கொண்டு போலாம், அடுத்த வாரம் கொண்டு போலாம்னு..."

"எவ்ளோ நாளா?"

"பதினாலு மாசம்."

"பதினாலு மாசமா வெறும் டப்பாவக் கட்டிட்டு என் முன்னாடி நின்னியா? சரி, கீழ உன் கை எப்டி அத எடுத்துச்சு?"

"கையி பழக்கத்துல எடுத்துடுச்சு. அவ வாயில வெச்சப்பறம்தான் எனக்கு உறைச்சுது. மேல வந்ததும் சொல்லிருக்கணும். அவளே தன் தப்புன்னு சொன்னா பாரு... அப்ப வாய மூடிக்கிட்டேன். அதுதான் பெரிய தப்பு, லொரெயின். காத்து இல்லாததகூட விடு. அதுதான்."

லொரெயின் அவரைத் திட்டவில்லை. படகுப் பதிவேட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள். ஒவ்வொரு பயணத்திலும் ராய்ஸ் பெயருக்கு நேரே, குட்டி சிலிண்டர் என்ற கட்டத்தில் ஒரு டிக் இருந்தது.

"ஸ்டூ, இது யாரு போட்டது?" என்று என்னைக் கேட்டாள்.

"நான்தான்."

குட்டி சிலிண்டரில் காற்றளவு காட்டும் மீட்டரை ராய்ஸ் எப்போதும் உள்பக்கமாகத் திருப்பித்தான் கட்டியிருப்பார். திருப்பிப் பார்க்க ஒரு நொடி போதும். நம்ம ராய்ஸ்தானே, அவரைப் போய்ச் சோதிப்பதா என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. பதினாலு மாதமாகக் காற்று ஏற்றச் சொல்லி அவர் அதை என்னிடம் கொடுக்கவே இல்லை என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை நானும் அவருமாக பேகாவுக்குப் போனோம். இனெக்கா கதவைத் திறந்ததும் ராய்ஸ் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தார். நானும் என் பங்கைச் சொன்னேன்.

அவள் கதவைப் பிடித்தபடியே சொன்னாள்: "நாலு நாளா நான் முகத்துல தண்ணி பட்டாலே அலறிட்டிருக்கேன். ஷவர்கூட எடுக்க முடியல. அந்த ஒரு மூச்ச எப்டித் தவறவிட்டேன், எங்க தவறவிட்டேன்னு திரும்பத் திரும்ப யோசிச்சிட்டே இருந்தேன். நான் ஒண்ணுக்கும் ஒதவாதவள்னு எங்கம்மாகிட்ட சொல்லி அழுதேன். படகுல என் தப்புன்னு நான் சொன்னப்ப, நீங்க பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டுதான இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"நான் உங்களுக்கு டீ போட்டுக் குடுத்தேன்."

"ஆமா."

"இப்ப போயிடுங்க ப்ளீஸ்."

கதவு சாத்திக்கொண்டது. ராய்ஸ் காரில் ஏறிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூட்டத்துக்கு அவர் போனார். என் மகள் வந்து சொன்னாள். முதலில் எல்லோரும் கைதட்டினார்களாம். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, நடந்ததை நடந்தபடி சொன்னாராம். ஒரு முதல் வகுப்புப் பையன் எழுந்து, "அப்ப அந்த அக்கா செத்துருப்பாங்களா?" என்று கேட்டானாம்.

"செத்திருக்கலாம்ப்பா" என்றாராம். அப்புறம் தலைமை ஆசிரியை அடுத்த வகுப்புக்கு மணியடிக்கச் சொன்னாராம்.

லொரெயின் ஒரு வருடத்துக்கு அவரைப் படகில் ஏற்றவில்லை. தனியாள் முக்குளிப்பை அவள் நிறுத்தவும் இல்லை. "ஒருத்தன் பொய் சொன்னதுக்கு நிபந்தனை என்னய்யா பண்ணும்?" என்றாள். ஆனால் பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இப்போது ஒவ்வொரு சிலிண்டரையும் அவளே திறந்து பார்க்கிறாள். நான் கயிறு பிடிக்கிறேன், தேநீர் போடுகிறேன். பதிவேட்டைத் திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இனெக்கா சாமான்களை விற்கவில்லை என்று கேள்விப்பட்டோம். வடக்கே வேறொரு படகில் போகிறாளாம். ராய்ஸ் போன வசந்தத்தில் திரும்பி வந்தார். ஜோடியாகத்தான் இறங்குகிறார். யாரோடு சேர்த்து அனுப்பினாலும் சரி என்கிறார். அந்த ஆள் எவ்வளவு வேகமாக நீந்தினாலும், கணவாய் இடுக்கில் நிற்காமல் கூடவே போய்விட்டு வருகிறார்.