உள்ளே போகாத தோட்டாக் கோதுகள்

போன கிழமை மில்லிக்கன் பிளாசா ஒன்றில் வீட்டுத் திறப்புக்கு ஒரு பிரதி வெட்டுவித்தேன். அஜக்ஸில் இருக்கிற என் வீடு வரை கொண்டுவந்து பூட்டில் போட்டால், பாதிக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. கதவடியில் நின்று தள்ளித் தள்ளிப் பார்த்ததில் விரலெல்லாம் பித்தளை மணம். அந்த மணம் வந்தால் எனக்கு அல்பிரட் அண்ணையின் கராஜ்தான் நினைவுக்கு வரும்.

அண்ணை மன்னார் ஆள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வெக்ஸ்போர்ட்டில் அவருடைய வீட்டு பேஸ்மென்றில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். மெசின் ஷொப்பில் வேலை எடுத்துத் தந்தவரும் அவர், காலையில் அங்கே காரில் ஏற்றிப்போகிறவரும் அவர். வீடு, வேலை, வாகனம் மூன்றும் ஒரே மனிதரின் கையில் இருந்தால் அவரை மறுத்துப் பேச வாய் வருமா? தும்மல் வந்தால்கூட, மேலே அண்ணை நித்திரையோ என்று யோசித்துவிட்டுத்தான் தும்முவேன்.

அவருக்கு வருடத்தில் ஒரேயொரு ஆசை. நவம்பரில் ஒரு கிழமை லீவெடுத்து, வடக்கே மான் வேட்டைக்குப் போகவேண்டும். கூடப் போகிற சிநேகிதர் கல்கரிக்கு மாறிவிட்டதால் அந்த வருடம் அது என் தலையில் விழுந்தது.

"நீ சுடத் தேவையில்லையடா. சோறு காய்ச்சினாக் காணும்."

"ஓம் அண்ணை" என்றேன். துவக்குச் சத்தம் கேட்காத இடம் என்றுதானே சண்டை நடந்த ஊரிலிருந்து இவ்வளவு தூரம் ஓடிவந்தேன். அந்தச் சத்தத்தோடு காட்டுக்குள் ஒரு கிழமை இருக்க எனக்குப் பயம். வெறும் பயம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

கடைத் தோட்டா அண்ணைக்குப் பிடிக்காது. சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கோதை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, தானே வெடிமருந்து நிரப்பினால்தான் திருப்தி. அந்த வருடம் புது அச்சு வாங்கியிருந்தார். அழுத்திய கோது ஒன்றும் துவக்குக்குள் ஒழுங்காகப் போகவில்லை. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட் பாதியில் இறுகி நின்றது.

"நீ மெசினிஸ்ட்தானே, இதை ஒருக்காப் பார்."

வெறுங்கோதுக்குக் கறுப்பு மார்க்கர் பூசி, உள்ளே விட்டு எடுத்தேன். எங்கே உரசுகிறதோ அங்கே மை அழியும். கோதின் கழுத்துக்குக் கீழே சரிகிற தோளில் பளிச்சென்று ஒரு வளையம். அச்சைப் போதிய அளவு கீழே இறக்கிப் பூட்டாததால் தோள் அமுங்கவில்லை, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் திருகி இறக்கினால் சரி. அண்ணை கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் துணியால் மையைத் துடைத்துவிட்டேன்.

"வடிவாத் தெரியேல்லை அண்ணை."

பெரிய கெட்டித்தனம் செய்ததாக நினைப்பு. அடுத்த சனிக்கிழமை காலையிலேயே மேலிருந்து தரையில் தட்டினார். அதற்கடுத்த சனியும் தட்டினார். அளவெடுக்கிற வேர்னியரைத் தூக்கிக்கொண்டு ஏறிப்போவேன். நீளத்தை அளப்பேன், அடியை அளப்பேன், எண்ணெய் கூடிப்போச்சு என்பேன், கோது பழசு என்பேன். அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து, "பாவம், லீவு நாளிலயும் உம்மை விடுறாரில்லை" என்பார். எனக்கு மெல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது. காட்டுக்குப் போகாமல் தப்பப் பார்த்துக் கராஜுக்குள் மாட்டிக்கொண்டேன்.

கடைசிக் கிழமையில் கடைத் தோட்டா வாங்கிவிடுவார், பிறகு காட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்று பதறிக்கொண்டிருந்தேன். அவர் வாங்கவில்லை.

"நீ இவ்வளவு கஸ்டப்பட்டும் சரிவரேல்லை. விடு, வாற வருசம் போவம்."

அடுத்த வருடம் சீனி வருத்தம் முற்றி அவருடைய கண்பார்வையைப் பறித்தது. துவக்கை விற்றார், அச்சை விற்றார், பிறகு வீட்டையும் விற்றார்கள். நானும் கலியாணம் கட்டி அஜக்ஸுக்கு வந்துவிட்டேன்.

முதியோர் இல்லத்தில் பார்க்கப் போனபோது குரலை வைத்துத்தான் என்னை அறிந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கடைசி வருசம் போயிருக்கலாமடா. காட்டை இன்னுமொருக்காக் கண்ணாலை பாத்திருப்பன்" என்றார். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"என்ன பிழையெண்டு உனக்கும் கடைசிவரை பிடிபடேல்லை, என்ன?"

"பிடிபடேல்லை அண்ணை" என்றேன்.

கராஜை இடித்துவிட்டு அங்கே பெரிய மாடிவீடு கட்டியிருக்கிறார்கள். போன மாரியில் அண்ணையும் போய்விட்டார். இனி உண்மையைச் சொல்லி ஏச்சு வாங்கக்கூட ஆளில்லை.