சக்கரம் அக்காவின் ஞாயிறு

அலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் செருகியபடியே நடந்துகொண்டிருக்கிறார். "வருவீங்களா, மாட்டீங்களா? 'பாக்கலாம்'னு மட்டும் சொல்லாதீங்க. பாக்கலாம்னா வரமாட்டேன்னு அர்த்தம், அது எனக்கு நல்லாத் தெரியும்." இவ்வளவும் மூச்சுக் குரலில். சத்தம் போடக்கூடாது என்ற அறிவிப்பைச் சுவரில் ஒட்டியவரே அவர்தான், வேறு வழி? ரகசியம் பேசுகிற குரலில் சங்கம் வளர்க்கிற மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் ஒரே ஊழியர் அவர். வயது ஐம்பத்து மூன்று. வலது கட்டைவிரலில் எப்போதும் முத்திரை மை. தோளில் ஒரு துணிப்பை. அதில் உறுப்பினர் படிவங்கள், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், பஸ் நேர அட்டவணை. மதியச் சாப்பாட்டை வரலாற்றுக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவில் உள்ள சந்தில் நின்றுகொண்டே முடித்துவிடுவார். இதுபோக, நாடு முழுவதற்குமான நூலகர் சங்கத்துக்குச் செயலாளர். காலில் சக்கரம் கட்டியவர் என்பதால் பள்ளி நூலகர்கள் அவருக்குச் 'சக்கரம் அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் தெரியும். "சக்கரம் நின்னா வண்டி சாஞ்சிடும், சொல்லிக்கட்டும்" என்பார்.

செயலாளர் பதவி வந்த கதையை அவர் கணவரிடம் கேட்க வேண்டும். அவர் பஸ் பணிமனையில் நேரக் கணக்கர். நிதானமே உருவானவர். "மூணு வருஷம் முன்னால ஒரு கூட்டத்துக்குப் போனா சார். யாராவது பொறுப்பு எடுத்துக்கணும்னாங்களாம். எல்லாரும் தரையப் பாத்திருக்காங்க. இவ மட்டும் நிமிந்து உக்காந்திருந்தா. வேலியில போன ஓணான மடியில எடுத்து விட்டுக்கிட்டா, அவ்வளவுதான்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஆனால் வெளியூர்ப் பயணங்களுக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுப்பவரும் அவரேதான்.

அந்தச் சங்கம் முப்பது வருஷமாக இருக்கிறதாம். எனக்கென்னவோ அது அவிழ்ந்த நெல்லிக்காய் மூட்டையாகத்தான் தெரிந்தது. கல்லூரி நூலகர்கள் பள்ளி நூலகர்களோடு ஒட்டமாட்டார்கள். பள்ளிக்காரர்களுக்கோ பொது நூலகக்காரர்கள் மேல் ஒரு முறைப்பு. உறுப்பினர் பட்டியல் போட உட்கார்ந்தவர்கள், அதைப் பெயர் வரிசையில் அடுக்குவதா, ஊர் வரிசையிலா, பதவி வரிசையிலா என்று இரண்டு கூட்டம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார்கள். பட்டியல் வரவில்லை, பகைதான் வந்தது. "புத்தகத்த அடுக்கச் சொன்னா கண்ண மூடிக்கிட்டு அடுக்குவோம் சார். நாங்க ஒரு வரிசையில நிக்கணும்னா மட்டும் முடியாது" என்று அவரே நொந்துகொண்டார்.

ஆனால் தொழிலில் அவர் எமகாதகர். போன மாதம் ஒருவர் வந்து, கடிதம் எழுதச் சொல்லித்தரும் புத்தகம் வேண்டும் என்றார். நானாக இருந்தால் அலமாரியைக் கை காட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அக்கா கேட்டார்: "யாருக்குண்ணா லெட்டர்?" வீட்டுக்காரருக்கு. "என்ன விஷயமா?" காலி பண்ணச் சொல்கிறார், கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். "நோட்டீஸ் குடுத்தாரா, வாயால சொன்னாரா?" மூன்றாவது கேள்வி முடிந்தபோது அந்த மனிதர் கையில் இருந்தது வாடகைச் சட்டப் புத்தகமும், இலவசச் சட்ட உதவி மையத்தின் முகவரியும். கெஞ்ச வந்தவர் தலை நிமிர்ந்து போனார்.

இப்போது அந்தக் கேள்வி கேட்கும் வேலைக்குத்தான் ஆபத்து. சிறிய நூலகங்களுக்குப் படித்த நூலகர் தேவையில்லை, ஏதாவது ஓர் அலுவலக ஊழியரைக் கூடுதல் பொறுப்பில் உட்கார வைத்தால் போதும் என்று அரசாங்கம் ஒரு விதியைத் தயாரித்துவிட்டது. வருகிற புதன்கிழமை அதன்மேல் கருத்துக் கேட்கும் விசாரணை. சங்கம் அங்கே வாயைத் திறக்க வேண்டுமானால், அதற்கு முன் பொதுக்குழு கூடி, நூற்றைம்பது பேர் நேரில் கையெழுத்திட்டுத் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கம் என்பது வெறும் பெயர்ப் பலகைதான். நாடு பூராவும் எத்தனையோ அக்காக்களின் நாற்காலி போய்விடும்.

நூற்றைம்பது பேர் என்ன பெரிய கூட்டமா என்று கேட்டேன். ஒரு பார்வை பார்த்தார். "பள்ளி, காலேஜுக்கு ஞாயித்துக்கிழமை லீவு. எங்களுக்கு ஞாயித்துக்கிழமதான் கூட்டம் அள்ளும், லீவு திங்கக்கிழம. அவங்க வர்ற அன்னைக்கு நாங்க வரமுடியாது, நாங்க வர்ற அன்னைக்கு அவங்க வரமுடியாது. இந்தத் தொழில்ல எல்லாருக்கும் பொதுவா ஒரு நாளே கிடையாது சார்." ஏற்கனவே இரண்டு முறை கூட்டி, இரண்டு முறையும் ஆள் போதாமல் கலைந்திருந்தது. இந்த ஞாயிறுதான் கடைசி. அந்த வாரம் முழுக்க அவர் எங்கும் நிற்கவில்லை. ஜன்னலைத் திறப்பார், மூடுவார், எழுதிய எண்ணை அடித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

சனிக்கிழமை மாலை என் மேஜைக்கு வந்தார். நான் அங்கே தினமும் போய் உட்கார்ந்து எழுதுகிறவன். எழுதுவதைவிட உட்காருவது அதிகம் என்பது அவர் கட்சி. "சார், ஒரு உபகாரம். நாளைக்குப் பதினொண்ணுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் என் சேர்ல உக்காருங்க." ஊரில் உள்ள கிளை நூலகர்கள் எல்லாரும் இப்படி நம்பிக்கையான வாசகர் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கூட்டத்துக்கு வருவதாக ஏற்பாடு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் போய் நின்றேன்.

பத்தரை மணிக்கே என்னை உட்கார வைத்தார். முத்திரை இங்கே, பதிவேடு அங்கே, சந்தேகம் வந்தால் போன். இரண்டு தெரு தள்ளி ஒரு கல்லூரி மண்டபத்தில் கூட்டம். அங்கிருந்து சங்கத் தலைவரின் தகவல் வந்தது: நூற்று முப்பத்தொரு பேர் வந்தாயிற்று, இன்னும் பத்தொன்பது. நாலு கிளைக்காரர்கள் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் உட்கார வைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அக்கா செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

அதற்குள் மூன்று பேர் புத்தகம் எடுக்க வந்தார்கள். தேதி போட்டேன், முத்திரை குத்தினேன், பதிவேட்டில் எழுதினேன். ஒரு தப்பும் இல்லை. வாசலில் கால் வைத்திருந்தவரைப் பார்த்துத் தாராளமாகச் சொன்னேன்: "கவலப்படாமப் போய்ட்டு வாங்க மேடம். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? யார் உக்காந்தாலும் ஓடும்."

வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

தைரியம் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னேன், சத்தியமாக. மெல்லத் திரும்பி வந்தார். கோபமில்லை, முகம் மட்டும் வெளிறியிருந்தது. "புதன்கிழமை அவங்களும் இதத்தான சார் சொல்லப்போறாங்க. யார் உக்காந்தாலும் ஓடும்னு." "நம்ம ஆளுங்களே ஊர் முழுக்க யாரையோ உக்கார வச்சிட்டு, நாங்க இல்லாம முடியாதுன்னு தீர்மானம் போடப்போறோம். நானே ஏற்பாடு பண்ணியிருக்கேன். யானை தன் தலையில தானே மண்ணள்ளிப் போட்ட மாதிரி."

ஐந்து அடி இந்தப் பக்கம், ஐந்து அடி அந்தப் பக்கம் நடந்தார். போகாவிட்டால் ஆள் குறையும், சங்கம் போச்சு. பூட்டிவிட்டுப் போகலாமென்றால், வேலை நேரத்தில் நூலகத்தைப் பூட்டினால் மெமோ நிச்சயம், வேலைக்கேகூட வேட்டு வரலாம். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் அப்படிப் பூட்டியதே இல்லை.

"எந்திரிங்க சார்" என்றார்.

எழுந்தேன். கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

உள்ளே பத்துப் பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மேஜையாகப் போய்க் குனிந்து சொன்னார். ஒருவர் முனகினார்: "வாரத்துல இந்த ஒரு நாள்தாம்மா எனக்கு." "தெரியும்ணா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஒரு மணிக்கு வாங்க, தொறந்து வச்சிருப்பேன்." அவர்கள் போனதும் அலைபேசியில் மற்ற கிளைக்காரர்களுக்குக் குரல்பதிவாகப் பேசி அனுப்பினார். "யாரையும் உக்கார வைக்க வேணாம். உக்கார வச்சவங்கள எழுப்பிடுங்க. பூட்டிட்டு வாங்க. பயமா இருந்தா வராதீங்க, தப்பா நினைக்க மாட்டேன்."

கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். துணிப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, கதவிலேயே வைத்து எழுதினார்: 'நூலகம் 11 முதல் 1 வரை மூடப்பட்டிருக்கும். காரணம்: நூலகர் இல்லை.'

எழுத்துக்காரன் புத்தி, சும்மா இருக்குமா? "மேடம், 'தவிர்க்க முடியாத காரணத்தால்'னு போட்டுடுங்க. எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான் போடுவாங்க. நாளைக்கு யாரும் உங்களத் தோண்டிக் கேக்க மாட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு 'நூலகர் இல்லை' என்ற இரண்டு சொல்லுக்கும் கீழே, காகிதம் கிழியுமோ என்று நான் பயப்படும் அளவுக்கு அழுத்தி இரண்டு கோடு இழுத்து, அதன் அடியில் தன் முழுப் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்திட்டார்.