பச்சைப் பட்டைப் பார்த்தது யார்

மந்தைப்பாறை ஊராட்சிக்கு முருகேஸ்வரி தலைவியானபோது, ஊரில் பாதிப் பேர் அவள் கணவன் அழகுமலைக்கு ஓட்டுப் போட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2006 தேர்தலில் அந்த இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதால், அவன் மனைவி பெயரில் மனுத் தாக்கல் செய்தான். சுவரொட்டியில் அவள் படத்துக்குப் பக்கத்தில் தன் படத்தையும் கொஞ்சம் பெரிதாகவே போட்டான். கொடைக்கானல் மலையில் பூம்பாறைக்கு மேலே, பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற அந்த ஊரில் இதை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதவியேற்ற மறுநாள் அவன்தான் தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். முருகேஸ்வரி வாசலில் நின்று பார்த்தாள். "அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு கெடக்கு, அதுல உக்காருங்க" என்று தணிந்த குரலில் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்துபோனான். அந்தச் சிரிப்பை அவள் அப்போது உற்றுப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

மற்றபடி எதையும் உற்றுப் பார்க்கிறவள்தான் அவள். விதைப்பூண்டு வாங்கப் போனால் மூட்டையின் மேல்வாயை நம்பாமல் அடிவரை கைவிட்டுத் துழாவுவாள். படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டாள். அவளுக்குத் துணை, கீழத்தெரு வார்டு உறுப்பினர் அன்னக்கொடி. இருவரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறுவார்கள். கீழத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுவருவதுதான் அவர்கள் முதலில் கையில் எடுத்த சோலி.

அந்த மனுவோடு கொடைக்கானல் ஒன்றிய அலுவலகத்துக்குப் போன அன்று குளிர் எலும்பைக் கடித்தது. மேல்மலைப் பெண்கள் எல்லோரையும் போல அவளும் சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழுப்புக் கோட்டை மாட்டியிருந்தாள். நாளிதழ் நிருபர் ஞானவேல் ஒரு படம் எடுத்தான். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் 'கோட்டுப் போட்ட தலைவி' என்று வந்தது. அவள் பக்கத்தில் கோட்டோடு நின்ற இரண்டு ஆண் தலைவர்களைப் படத்தில் வெட்டியிருந்தார்கள். குழாயைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி இருந்தது.

சரி, அடுத்த முறை ஒழுங்காக உடுத்திப் போவோம் என்று நினைத்தாள். திண்டுக்கல்லில் கலெக்டர் கூட்டத்துக்குக் கல்யாணப் பட்டை எடுத்தாள். வெள்ளனே வந்து கொசுவம் வைத்துவிட்டவள் அன்னக்கொடி. அதற்கும் செய்தி வந்தது: 'குடிக்கத் தண்ணீரில்லை, உடுத்தப் பட்டிருக்கிறது.' தலைப்பை அவள் பொறுத்துக்கொண்டாள். அதற்குக் கீழே இருந்த வரிகள்தான் உறுத்தின. தலைவி கிளம்புமுன் இரண்டு சேலைகளை மாற்றிப் பார்த்தாராம். ஜாக்கெட் மட்டும் கொடைக்கானல் மூஞ்சிக்கல் டெய்லரிடம் புதிதாகத் தைத்ததாம்.

இது எப்படி வெளியே போனது? அன்று காலையில் அறைக்குள் இருந்தது தானும் அன்னக்கொடியும் மட்டும். அழகுமலை வாசலில் ஜீப்புக்குக் காத்து நின்றதாக அவளுக்கு நினைவு. பேப்பரை அவனிடம் காட்டியபோது அவன் நிதானமாகப் படித்துவிட்டு, "பொம்பள வாய் சும்மா இருக்குமா" என்றான். யாருடைய வாய் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அதன்பிறகு அன்னக்கொடி சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று பார்த்தாள். கொடைக்கானலில் அவள் டீ குடிக்கப் போனால் அங்கே யாரைப் பார்க்கிறாள் என்று ஜன்னல் வழியாகக் கவனித்தாள். ஒருமுறை அன்னக்கொடி ஞானவேலோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். குழாயைப் பற்றித்தான் கேட்டதாக அவளே வந்து சொன்னாள். கேட்காமலே வந்து சொல்வானேன் என்று முருகேஸ்வரிக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. பிறகு தனியாகப் பஸ் ஏற ஆரம்பித்தாள். ஊராட்சிக் கூட்டம் நடக்கும் நேரத்தை அன்னக்கொடிக்கு மட்டும் எழுத்தர் மூலம் சொல்லியனுப்பினாள்.

ஒருநாள் அன்னக்கொடி வழிமறித்து நின்றாள். "மதினி, எதையோ மனசுல வச்சுக்கிட்டுப் போறீக. எம்மேல சந்தேகமா?"

முருகேஸ்வரி பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல ரோட்டைப் பார்த்தாள். அன்னக்கொடி திரும்பிப் போனாள்.

அந்த மழைக்காலத்தில் ஓர் அமைச்சர் மேல்மலைக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. முந்தின நாள் சாயங்காலம் முருகேஸ்வரி பச்சைப் பட்டை எடுத்துக் கட்டில்மேல் விரித்தாள். தம்பி வாங்கிக் கொடுத்தது, ஒருமுறைகூடக் கட்டாதது. நாளைக்கு இதைத்தான் கட்டப்போவதாக அழகுமலையிடம் சொன்னாள். நல்லா இருக்கும் என்றான் அவன். காலையில் அமைச்சரின் வண்டிகளுக்கு வழிகாட்ட முதல் ஜீப்பிலேயே கொடைக்கானலுக்குப் போய்விட்டான்.

விடிந்தபோது மழையும் மூடுபனியுமாக இருந்தது. ரோடு சேறாகிக் கிடந்ததைப் பார்த்ததும் அவள் பச்சைப் பட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ஊதா நிறத்தில் ஒரு நூல் சேலையைக் கட்டிக்கொண்டாள். அமைச்சர் பூம்பாறைவரைதான் வந்தார். அவள் அங்கே போய் மனுவைக் கொடுத்தாள். அமைச்சரின் வண்டிகளோடு வந்து அவற்றோடே திரும்பிவிட்ட அழகுமலை, கூட்டத்தில் அவளைப் பார்க்கக்கூட இல்லை. நிருபர்கள் எவரும் அந்த மழையில் மலையேறவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் பேப்பர் வந்தது. 'பச்சைப் பட்டில் பளபளத்த தலைவி, மனு கொடுத்தாரா மாடலிங் செய்தாரா?'

அவள் அதை இரண்டுமுறை படித்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள். பச்சைப் பட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பச்சை என்று அவள் சொன்னது ஒரே ஒரு ஆளிடம். அன்னக்கொடியோடு பேசியே வெகுநாளாகிறது.

ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், போனை எடுத்து ஞானவேலின் எண்ணை அழுத்தினாள். "மந்தைப்பாறை முருகேஸ்வரி பேசுறேன் சார். இன்னைக்கு நான் என்ன கலர் சேலை கட்டியிருக்கேன்?"

மறுபக்கம் தடுமாறியது. "அது எனக்கு எப்படிங்க மேடம் தெரியும்?"

"நேத்து கட்டாத சேலை மட்டும் தெரிஞ்சுதே."

மாட்டிக்கொண்டவன் இன்னொருவனைக் காட்டிவிட்டு நகர்கிற அவசரம் அவன் குரலில் இருந்தது. "உங்க வீட்டுக்காரர்தாங்க போன்ல சொன்னார். எப்பவும் அவர்தாங்க சொல்வார்."

சாப்பாட்டு நேரத்தில் அழகுமலையிடம் கேட்டாள். அவன் மறுக்கவில்லை. சேலையைப் பற்றித்தானே சொன்னேன், ஊராட்சிக் கணக்கைப் பற்றியா சொன்னேன் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒரு தடவையாவது எம்பேரு வரும்னு பார்த்தேன். ஒன் சேலைக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்ல" என்றான். பெஞ்சைக் காட்டிய நாளில் பார்க்காமல் விட்டதை அவள் இப்போது பார்த்தாள். இரக்கம் வந்தது. நம்பிக்கை திரும்பவில்லை. மறுநாள் எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லும் பழக்கத்தை அன்றோடு விட்டாள்.

மறுநாள் காலையில் கீழத்தெருவுக்குப் போனாள். அன்னக்கொடி முற்றத்தில் பிடுங்கிய பூண்டின் தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். உட்காரப் பலகையைத் தள்ளிப் போட்டாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. முருகேஸ்வரி நடந்ததை எல்லாம் சொன்னாள். கணவன் பெயரையும் மறைக்கவில்லை.

"அவருதான்னு எனக்கு அப்பவே தெரியும் மதினி" என்றாள் அன்னக்கொடி. "அன்னைக்கு அந்த நிருபர்கிட்ட குழாயைப் பத்திக் கேக்கல, அதைத்தான் கேட்டேன், அவரே சொல்லிட்டாரு. சொன்னா குடும்பத்துல பிரச்சினையாகும்னு வாயை மூடிக்கிட்டேன். நீங்க என்னய ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

முருகேஸ்வரி அரிவாளை எடுத்துத் தானும் தாளை அறுக்க ஆரம்பித்தாள். அன்னக்கொடி தடுக்கவில்லை. ஆனால் பழையபடி பேச்சு வளரவில்லை. அதற்குப் பிறகும் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். வேறு வேறு சீட்டில். கீழத்தெருவுக்குக் குழாய் வரும்வரை அப்படித்தான்.

குழாயில் தண்ணீர் திறந்த அன்று ஞானவேல் கேமராவோடு வந்தான். முந்தானையைக் கொஞ்சம் இழுத்துவிட்டு நிற்கும்படி முருகேஸ்வரியிடம் கேட்டான். அவள் அசையவில்லை. அன்னக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்று, தண்ணீரைப் படம் எடுக்கச் சொன்னாள். மறுநாள் செய்தியில் தண்ணீர் இருந்தது. தலைவியின் சேலை வெளுத்துப் போயிருந்ததும் இருந்தது. இருவரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து அதைப் படித்தார்கள். படித்து முடித்ததும் முருகேஸ்வரி தன்னையறியாமல் அன்னக்கொடியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அன்னக்கொடி அதைக் கவனித்தாள். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.