சிவப்புச் சொக்ஸ்

மகளின் ஈரச் சொக்ஸ் இன்று ஹீற்றரில் காய்கிறது. அந்தக் கம்பளி மணம் என்னை, இப்போது ரவுன்ஹவுஸ் வீடுகள் வரிசையாக நிற்கும் அஜின்கோர்ட் மூலையில் என் சின்ன வயதில் இருந்த கத்தோலிக்கச் செங்கல் சிற்றாலயத்துக்கு இழுத்துப் போகிறது. ஊர்க்கோயிலில் போலவே அங்கும் நாங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவோம், பனி கொட்டினாலும். பூசை முழுக்கப் பிள்ளைகளின் சொக்ஸ் ஹீற்றரில் கிடந்து ஆவி விட, மெழுகுதிரியும் சாம்பிராணியும் அதோடு கலந்து எழும் அந்த மணந்தான் எனக்குக் கடவுளின் மணமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

கோயில் பூட்டின் திறப்பு அப்பாவிடம் இருந்தது. "கூரை திருத்தத்தான் பூட்டுறம், கெதியாத் திறப்பம்" என்று அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வருவேன் என்பதற்கு அடையாளமாக என் சிவப்புச் சொக்ஸை ஹீற்றரிலேயே விட்டேன். அப்பா கண்டார். எல்லாருக்கும் கேட்கச் சிரித்து, "கிடக்கட்டும், வந்து எடுப்பாள்" என்றார். வெறுங்காலைச் சப்பாத்துக்குள் நுழைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனேன். பிறகு அந்தப் பக்கம் போனபோது அங்கே கோயிலை இடித்துத் தோண்டிய பள்ளந்தான் இருந்தது.

பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் இன்றுதான் கேட்டேன். "கோயிலை விக்கிறாங்கள் எண்டு அண்டைக்கே தெரியுமோ, அப்பா?"

"ஓம். சனம் குழம்பக்கூடாதெண்டு பங்குச்சாமி கேட்டவர்."

"என்ர சொக்ஸை எண்டாலும் எடுக்கச் சொல்லியிருக்கலாமே."

"எடுத்திருந்தா சனத்துக்கு விளங்கியிருக்கும், பிள்ளை. அதைக் கண்டுதானே எல்லாரும் நம்பினவை."

இன்னும் ஈரமாக இருந்த மகளின் சொக்ஸை ஹீற்றரிலிருந்து எடுத்துக்கொண்டேன்.