கம்பம் ஏறிய முழங்கால்

மாவுக்கட்டை வெட்டும் பெரிய கத்தரியின் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. காய்ந்த தென்னம்பாளையைக் கிழிப்பது போன்ற ஓசை. திருப்பதி ஆஸ்பத்திரியின் ஜன்னலோரக் கட்டிலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டு இரண்டாகப் பிளந்து விலகியதும் வெளியே வந்த காலை என்னுடையது என்று நம்ப முடியவில்லை. முருங்கைக்காய் போல மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, தொடையில் பிடித்துப் பார்க்கச் சதையில்லாமல் கிடந்தது. நடுவில் முழங்கால் மட்டும் மாங்கொட்டையாகப் புடைத்திருந்தது. பக்கத்தில் வெள்ளைப் புடவையில் நின்றிருந்த அம்மையார் குனிந்து, திருவிழாக் கடையில் புதுச் சாமானைப் பார்ப்பது போல அதை ஆசையாகப் பார்த்தார். "நல்லா ஆறிக்கீது. எங்க, மடக்கு பாக்கலாம்" என்றார். இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மடக்கினேன். முகம்தான் கோணியது. கால் அசையவில்லை. அவர் கொஞ்சமும் கவலைப்படவில்லை. "இன்னா வேலை செய்ற?" என்று கேட்டார். லைன்மேன் என்றேன். "அப்போ கம்பம் ஏறணும்." ஆமாம் என்றேன். "ஏறலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். 'பார்க்கலாம்' என்றோ 'முயற்சி பண்ணலாம்' என்றோ சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. பிசியோதெரபி என்ற வார்த்தையே எனக்குப் புதிது. அது நடக்கும் அறையை வார்டு ஆட்கள் 'கசரத் ரூம்' என்பார்கள், அதாவது உடற்பயிற்சி அறை. அதற்குப் பொறுப்பாக இருந்த அந்த அம்மையாரை எல்லாரும் மேடம் என்றே அழைத்தோம். சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம் அவருடையது. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டி ஆங்கிலத்தில் எண்ணிக்கை சொல்லுவார். அவருக்கு உதவியாக ஒரு தெலுங்குக்காரர் இருந்தார். பலகை போன்ற மார்பும் பஞ்சு போன்ற விரல்களும் கொண்டவர். அவரை மாஸ்டர் என்போம். மேடம் ஆணையிடுவார், மாஸ்டர் பிடிப்பார். இருவருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

நான் விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நகரிக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு ஊர் எங்களுடையது. ஊரில் கரண்ட் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் எங்கள் காலனியில்தான் இல்லை. சாயங்காலமானால் ஊர் விளக்குகளின் வெளிச்சம் எங்கள் கூரைகளின் ஓரம்வரை வந்து நின்றுவிடும். காலனியிலிருந்து கரண்ட் ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள் நான். அந்த வருஷம் எங்கள் காலனிக்கு லைன் இழுக்க உத்தரவு வந்தபோது, அந்த வேலைக்கு என்னையே போட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏரிக்கரையிலிருந்து ஒவ்வொரு கம்பமாக ஏறிக் கம்பியைக் கட்டிக்கொண்டே வந்தேன். நாற்று நடப் போகும் பெண்கள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கடைசிக் கம்பம் எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரிலேயே இருந்தது. அதற்கு முந்தின கம்பத்தில், முதல் நாள் பெய்த மழையின் ஈரத்தில், காலில் மாட்டியிருந்த கயிறு வழுக்கியது. அடியில் கருங்கல். முழங்கால் சில்லு இரண்டாகப் பிளந்தது.

திருப்பதியில் ஆபரேஷன் செய்து சில்லை மெல்லிய கம்பியால் இழுத்துக் கட்டினார்கள். "ஊருக்கெல்லாம் கம்பி கட்டுறவனுக்கே கம்பி கட்டியாச்சு" என்று வார்டில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அதற்குள் எங்கள் ஆட்களை விவசாய மோட்டார் லைன்களுக்கு மாற்றிவிட்டார்கள். பொங்கல் கழித்துத்தான் காலனிக்குத் திரும்பி வருவார்கள் என்றார்கள். எங்கள் இன்ஜினியர் நல்ல மனுஷர். ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். "கால் சரியா வரலன்னா பரவால்லப்பா, சித்தூர் ஆபீஸ்ல உக்காந்து செய்ற வேலையா போட்டுத் தரேன்" என்றார். பக்கத்திலிருந்த அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலி, ஃபேன், வெயில் படாத வேலை. எனக்கோ, வேறு யாரோ ஏறி எங்கள் கடைசிக் கம்பத்தில் கம்பி கட்ட, நான் கீழே ஊன்றுகோலோடு நின்று பார்ப்பது போல ஒரு காட்சி கண்ணிலேயே நின்றது.

கட்டு வெட்டிய மறுநாளிலிருந்து கசரத் தொடங்கியது. முதலில் உருகிய மெழுகின் வாடை. காலுக்குச் சூடான மெழுகைப் பூசித் துணியைச் சுற்றுவார்கள். அதுவரைக்கும் சுகம். பிறகு உயரமான மேசையின் ஓரத்தில் உட்காரவைத்து, கணுக்காலில் மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டு, தொடையை இறுக்கச் சொல்வார் மேடம். இறுக்குவேன். "இன்னா இறுக்கற? செத்த எலி மாரி கீது" என்பார். பிறகு குப்புறப் படுக்கவைத்து மாஸ்டர் குதிகாலைப் பிடித்து மெல்ல மெல்ல மடக்குவார். முழங்காலுக்குள் யாரோ கயிற்றை முறுக்குவது போலிருக்கும். "போதும் மாஸ்டர்!" என்று கத்துவேன். அவர், "இங்கொஞ்செம், இங்கொஞ்செம்" என்று தெலுங்கில் கெஞ்சிக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்துவார். கெஞ்சியபடியே ஒருவரால் இவ்வளவு வலி தர முடியுமா என்று ஆச்சரியமாக இருக்கும். ஆனால் சாயங்காலம், வார்டை விட்டபின் நான் தங்கியிருந்த, திருப்பதியிலேயே உள்ள மச்சான் வீட்டுக்குத் திரும்பி, சுவரில் சாய்ந்து காலைப் பார்த்தால், காலையில் இருந்ததைவிட ஒரு நெல்லளவு கூடுதலாக மடங்கியிருக்கும். அந்த நெல்லளவு எனக்குப் பண்டிகை. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. "ஆமாண்டா, ஆமாண்டா" என்பார்.

அப்படியே போய்க்கொண்டிருந்த கால் ஒரு நாள் நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் பாதி மடங்கும், அதற்கு மேல் கிடையாது. மெழுகு, மணல் பை, மாஸ்டரின் கெஞ்சல், எதற்கும் மசியவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் சிமெண்டுக் கம்பம் ஏறியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதங்களில் கயிற்று வளையத்தை மாட்டி, கம்பத்தைக் கட்டிப்பிடித்து, முழங்காலை மார்புவரை மடக்கி, உதைத்து எழும்ப வேண்டும். பாதி மடங்கும் காலை வைத்துக்கொண்டு படி ஏறலாம், பஸ் ஏறலாம், கம்பம் ஏற முடியாது. பெரிய டாக்டர் வந்து பார்த்தார். மயக்க மருந்து கொடுத்து ஒரேயடியாக மடக்கிவிடலாம் என்றார். மேடம் முகம் சிவந்துவிட்டது. "சில்லு விட்டுக்கிச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்து வரணும் சார். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் குடுங்க. நான் மடக்கிக் காட்றேன்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். "மேடம் சொல்றபடியே ஆவட்டும் சார்" என்றேன். பயத்தில் சொன்னேனா நம்பிக்கையில் சொன்னேனா என்று இப்போதும் தெரியவில்லை.

அன்று மேடம் கசரத் எதுவும் செய்யச் சொல்லவில்லை. எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "கம்பம் எப்படி ஏறுவீங்கன்னு எனக்குச் சொல்லு" என்றார். சொன்னேன். கயிறு எப்படி முறுக்க வேண்டும், வெயிலில் கம்பம் எப்படிச் சுடும், உச்சியில் பீங்கான் குப்பியில் கம்பியைச் சுற்றும்போது காற்று எப்படி முதுகில் அடிக்கும், மேலிருந்து பார்த்தால் நகரி ரயில் எப்படி மரவட்டை மாதிரி ஊர்ந்து போகும் என்று சொல்லிக்கொண்டே போனேன். திடீரென்று மேடம் கையைத் தட்டினார். "மாஸ்டர், காலு சூடு, காலு!" என்று காலைப் பார்க்கச் சொல்லித் தெலுங்கில் கத்தினார். மேசைக்குக் கீழே, எனக்கே தெரியாமல், என் குதிகால் கம்பத்தை உதைப்பது போல உள்ளே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் அதைப் பார்த்ததுமே நின்றுவிட்டது. "இவனுக்குக் கசரத்னு சொன்னா காலு பயப்படுது மாஸ்டர். கம்பம்னு சொன்னா வருது" என்றார் மேடம். அடுத்த நிமிஷம் எழுந்து நின்று, "வாங்க வெளிய" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், லைன் எடுத்துவிட்ட பழைய கம்பம் ஒன்று சும்மா நின்றது. சலவைக்காரரிடம் கொடிக்கயிறு ஒன்று வாங்கினோம். என் கையாலேயே வளையம் முறுக்கினேன். மாஸ்டர் எனக்கு நேர் கீழே இரண்டு கைகளையும் ஏந்தியபடி நின்றார். உலர்த்தப் போட்டிருந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவிலிருந்து நர்ஸ்கள் எட்டிப் பார்த்தார்கள். கம்பத்தைக் கட்டிப்பிடித்தேன். அந்தச் சிமெண்டின் வாடை மூக்கில் ஏறியது. நல்ல காலை மடக்கி எழும்பினேன். அடுத்து இந்தக் கால். "எக்கு! எக்கய்யா!" என்று மாஸ்டர் ஏறச் சொல்லிக் கத்தினார். இழுத்தேன். முழங்காலுக்குள் காய்ந்த விறகு முறிவது போல ஒரு சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது. சில்லு போயிற்று என்று நினைத்தேன். கீழே பார்த்தேன். மேடம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகுதான் கவனித்தேன். என் முழங்கால் மார்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. "உள்ள சதை ஒட்டிக்கினு இருந்தது விட்டுச்சு! சில்லு இல்லடா, ஒட்டுதான் விட்டுச்சு!" என்று மேடம் சின்னப் பெண் போலக் குதித்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே அவருக்கு மூச்சு வந்தது. சில்லும் கம்பியும் வைத்த இடத்தில் இருந்தன. பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "கம்பத்துல ஏத்துனீங்களா?" என்று கேட்டு, திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியாமல் போய்விட்டார்.

போன வருஷம் எனக்கு மறு காலில் முழங்கால் மாற்று ஆபரேஷன் நடந்தது. மறுநாளே எழுப்பி நடக்கவைத்துவிட்டார்கள். காலை ஒரு எந்திரத்தில் வைத்தால் அதுவே மடக்கி அதுவே நீட்டுகிறது. வலிக்கும் முன்பே மாத்திரை வருகிறது. பிசியோவாக வந்த பெண், "அங்கிள், எல்லாரும் அழறாங்க, நீங்க மட்டும் எப்போ வருவேன்னு காத்துக்கிட்டு இருக்கீங்களே" என்று கேட்டாள். அவளுக்கு இந்தக் கதையைத்தான் தவணை தவணையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பத்தில் ஏறிய இடம் வந்ததும் அவள் மடக்குவதை நிறுத்திவிட்டு, "அப்புறம் லைட் எரிஞ்சுதா?" என்றாள்.

எரிந்தது. பொங்கல் கழித்து எங்கள் ஆட்கள் வந்தார்கள். இன்ஜினியர் என்னை உட்காரவும் எழவும் வைத்துப் பார்த்து, "சரி, நீயே ஏறு" என்றார். நான் சொல்லி அனுப்பியிருந்ததால் மேடமும் மாஸ்டரும் திருப்பதியிலிருந்து பஸ் பிடித்து மத்தியானமே வந்துவிட்டார்கள். காலனி மொத்தமும் எங்கள் வாசலில் கடைசிக் கம்பத்தைச் சுற்றி நின்றது. ஆஸ்பத்திரியில் அவ்வளவு சத்தம் போடும் மேடம் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏறினேன். மேலே போகப் போக இரண்டு கால்களில் எது உடைந்த கால் என்பதே மறந்துபோனது. உச்சியில் கம்பியைக் குப்பியில் சுற்றி இறுக்கினேன். தெரு விளக்கை மாட்டினேன். அதே காற்று வந்து முதுகில் அடித்தது. இறங்கி வந்து கையை அசைத்ததும், ஏரிக்கரையில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றவன் லைனைப் போட்டான். இருட்டும் நேரம். பல்பு ஒரு முறை சிவந்து, பிறகு பளீரென்று எரிந்தது. அப்போது எழுந்த கூச்சலை என்னால் எழுத முடியாது. கோழிகள் கூரை ஏறின. என் நைனா துண்டை வானத்தில் வீசிவிட்டு அதைப் பிடிக்கவே மறந்துவிட்டார்.

நாங்கள் கொடுத்த களியையும் கருவாட்டுக் குழம்பையும் மேடம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். "துன்னும்மா, இன்னும் கொஞ்சம் துன்னு" என்று என் அம்மா ஊட்டாத குறை. அப்போதுதான் மேடம், உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்திருக்கும் விதத்தைக் கவனித்திருக்க வேண்டும். ஒவ்வொருத்தியும் தரையில் கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். காலமெல்லாம் அடுத்தவர் சேற்றில் குனிந்து நாற்று நட்ட முழங்கால்கள். மேடம் கையைக் கழுவினார். கயிற்றுக் கட்டிலை விளக்குக்கு நேர் கீழே இழுத்துப் போடச் சொன்னார். "வாங்க, ஒவ்வொருத்தரா வந்து காலை நீட்டுங்க" என்றார். முதலில் வெட்கம். பிறகு தள்ளுமுள்ளு. "எங்காலையும் பாரும்மா", "எனக்கு ரெண்டு காலும்மா" என்று ஒரே சந்தடி. மாஸ்டர் ஒவ்வொரு குதிகாலாக ஏந்திப் பிடித்தார். மேடம் அழுத்திப் பார்த்து, தொடையை இறுக்கச் சொல்லிக் கொடுத்தார். என் அம்மா எல்லாருக்கும் கடைசியில் நின்றாள். தனக்குக் கால் வலி உண்டு என்று அவள் வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. மேடம் அவளைப் பிடித்து உட்காரவைத்து, காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "அய்யோ, கால இங்கியா வைக்கிறது" என்று அம்மா பதறினாள்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. பிறகு, "டேய் லைன்மேனு, ஏறுடா மறுபடி!" என்று யாரோ கத்த, காலனியே இருட்டில் உருண்டு உருண்டு சிரித்தது. நான் கயிற்றைத் தேடி ஓடினேன். ஓடுகிறேன் என்பதைப் பாதி தூரம் போன பிறகுதான் உணர்ந்தேன். ஆனால் கம்பத்தைத் தொடுவதற்குள் விளக்கு தானாகவே வந்துவிட்டது. முதல் தடவையைவிடப் பெரிய கூச்சல் எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு இரைச்சலிலும் அம்மாவின் கால் மேடத்தின் மடியிலேயே இருந்தது. அம்மா அதை எடுத்துக்கொள்ளவில்லை.